ரப்பர் ஸ்டாம்பில் வாழ்த்து அட்டை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரப்பர் ஸ்டாம்ப் வைத்து வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்ய ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் மை பற்றிய இரண்டு கேள்விகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். 'எனக்குக் கை வரவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கையில் ஒரு கோளாறும் இல்லை. மையும் காகிதமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஆரம்பிக்க என்னென்ன வேண்டும்?

ஒரு ஸ்டாம்ப், ஒரு கறுப்பு இங்க் பேட், பத்துப் பதினைந்து நல்ல அட்டைத் தாள், ஸ்கேல், கட்டர், டபுள் சைடு டேப். இவ்வளவு போதும். ஸ்டாம்ப் என்றால் எல்லோருக்கும் ஆசை. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் பெட்டியை நிரப்பிவிட்டு, மையிலும் காகிதத்திலும் கஞ்சத்தனம் காட்டுவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: ஸ்டாம்ப் ஒன்று போதும், மையையும் காகிதத்தையும் நல்லதாக வாங்குங்கள்.

அந்த ஒன்று எது என்று கேட்டால், தனி இலை. விரல் நீளத்துக்கு ஒரு சாதாரண இலை. வரிசையாகக் குத்தினால் கரை, வட்டமாகக் குத்தினால் மாலை, ஒரு கோட்டுக்கு இருபுறமும் குத்தினால் கிளை, ஐந்தை ஒரே புள்ளியிலிருந்து விரித்தால் பூ. பலூன் பிடித்த கரடி ஸ்டாம்ப் அழகுதான். ஆனால் அது வருடத்துக்கு ஒரு தடவைதான் பெட்டியை விட்டு வெளியே வரும்.

மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் நல்லதா, கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் ஸ்டாம்ப் நல்லதா?

பதிவின் கூர்மைக்கு ரப்பர். குத்தும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் கிளியர். கிளியர் ஸ்டாம்ப் என்பது ஃபோட்டோபாலிமர். புற ஊதா ஒளியில் இறுகவைத்துச் செய்வது. அதை அக்ரிலிக் பிளாக்கில், அதாவது ஊடே பார்க்க முடிகிற பிளாஸ்டிக் கட்டையில், ஒட்டிக் குத்திவிட்டு உரித்து வைத்துவிடலாம். இடத்தை அடைக்காது. மரக்கட்டை ஸ்டாம்ப் அலமாரியை அடைக்கும், ஆனால் ஒழுங்காக வைத்துக்கொண்டால் உங்களுக்குப் பிறகும் உழைக்கும். முதல் ஸ்டாம்ப் என்றால் கிளியர் வாங்குங்கள். கோணலாகக் குத்தி மனம் வெறுத்துப்போவது குறையும்.

மையில் இத்தனை வகை எதற்கு? ஒன்று போதாதா?

போதாது. ஆனால் நாலைத் தெரிந்துகொண்டால் போதும்.

டை இங்க் காகிதத்துக்குள் ஊறிப்போகும். சட்டென்று காயும், கோடு மெல்லியதாக வரும். பெரும்பாலானவை தண்ணீர் பட்டால் கலையும், வெயில் பட்டால் நாளடைவில் வெளுக்கும். பிக்மென்ட் இங்க் ஊறாமல் காகிதத்தின் மேலேயே உட்காரும். நிறம் அடர்த்தியாக இருக்கும், கறுப்பு அட்டையில் வெள்ளை மை குத்த வேண்டுமானால் இதுதான். காய நேரம் எடுக்கும். வழவழப்பான தாளில் சூடு காட்டாமல் காயவே காயாது. மூன்றாவது, ஸ்டேஸ்ஆன் மாதிரியான சால்வென்ட் மை. பிளாஸ்டிக் தாள், கண்ணாடி, உலோகத் தகடு என்று மை உறிஞ்சாத எதன் மேலும் பிடிக்கும். நெடி அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் ஸ்டாம்புக்கு அடிக்கடி இதைப் போடாமல் இருப்பது நல்லது. நாலாவது, வெர்சாமார்க் போன்ற நிறமில்லாத ஒட்டும் மை. எம்போசிங் பவுடர் தூவி உருக்குவதற்காகவே இருப்பது. அந்தப் பவுடர் சூட்டில் உருகி, படத்தைப் பளபளப்பான மேடாக்கிவிடும். இதையே நீல அட்டையில் வெறுமனே குத்திப் பாருங்கள், அதே நீலத்தில் கொஞ்சம் அடர்த்தியாக நிழல் மாதிரி ஒரு படம் விழும். சத்தமில்லாத அழகு. எனக்கு ரொம்பப் பிடித்த பின்னணி இது.

குத்திய படத்துக்கு வர்ணம் தீட்டினால் கறுப்புக் கோடு கலைந்து அழுக்காகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் எனக்கு ஒரு சோகக் கதை உண்டு. ஒரு தடவை இருபது அட்டைக்கு ஒரே பறவையைக் குத்திக் காயவைத்துவிட்டு, மறுநாள் தண்ணீர் வர்ணத்தோடு உட்கார்ந்தேன். முதல் பறவையின் மஞ்சள் வயிற்றில் தூரிகை பட்டதும் கறுப்புக் கோடு மெல்ல அவிழ்ந்து மஞ்சளுக்குள் இறங்கியது. புத்தி இருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 'இது மட்டும் சரியாகக் காயவில்லை போல' என்று சொல்லிக்கொண்டு இன்னும் நாலு பறவையைக் காக்கை ஆக்கினேன்.

விஷயம் இதுதான். மை எதில் கரையுமோ, அது கலந்த வர்ணத்தை அதன் மேல் தீட்டக் கூடாது. தண்ணீர் வர்ணம் தீட்டப் போகிறீர்களா, தண்ணீரில் கரையாத மை வேண்டும். வெர்சாஃபைன், ஆர்க்கைவல் இரண்டும் அந்த வேலைக்கு ஆகும். முழுக்கக் காயவிட வேண்டும். ஆல்கஹால் மார்க்கரா, மெமெண்டோ மாதிரி அதற்கென்றே சொல்லி விற்கும் டை இங்க் போடுங்கள். அது தண்ணீர் பட்டால் கலையும், ஆல்கஹாலுக்கு அசையாது. ஸ்டேஸ்ஆன் நேர்மாறு: தண்ணீருக்கு நிற்கும், ஆல்கஹால் மார்க்கர் பட்டால் இளகிவிடும், மார்க்கரின் முனையும் கறுத்துப்போகும். கலர் பென்சிலுக்கு இந்த வம்பே இல்லை. காய்ந்திருந்தால் எந்த மையின் மேலும் தீட்டலாம்.

எதற்கும், ஒரு துண்டுத் தாளில் குத்தி, காயவிட்டு, தீட்டிப் பார்த்துவிட்டு அட்டையைத் தொடுங்கள். அந்த இருபது பறவைக்குப் பிறகு நான் இதைத் தவறவிட்டதில்லை.

எந்தக் காகிதம் வாங்குவது?

அட்டையின் உடம்புக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். சாதாரண பிரிண்டர் தாள் 80 ஜிஎஸ்எம்தான். அதில் மடித்து நிறுத்தினால் சாய்ந்து விழும். மேலே ஒட்டும் அடுக்குகளுக்கு 150, 200 போதும். எல்லாமே தடிமனாக இருந்தால் கடைசியில் அட்டை மூடாது.

தடிமனைவிட முக்கியம் மேற்பரப்பு. நகத்தால் லேசாகத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய கோடுகள் உடைந்து உடைந்து விழும். தண்ணீர் வர்ணத் தாளில் 'கோல்ட் பிரஸ்' என்றால் மேடுபள்ளம் இருக்கும், 'ஹாட் பிரஸ்' என்றால் வழவழப்பாக இருக்கும். ஸ்டாம்ப் குத்த ஹாட் பிரஸ்.

மடிக்கிற இடத்தில் அட்டை வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கோடு அழுத்தாமல் மடித்திருப்பீர்கள். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக் கோட்டில் ஒரு தடவை அழுத்தி இழுங்கள். அழுத்திய பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக வரும். மேடு உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். பள்ளத்துக்குள்தானே மடியும் என்று நினைத்து நிறையப் பேர் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள்.

இன்னொன்று நார் ஓட்டம். இயந்திரத்தில் தாள் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். தாளை முதலில் நீளவாக்கிலும் அப்புறம் அகலவாக்கிலும் மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்த வளைவின் போக்கிலேயே மடிப்பு வரட்டும். எதிர்த்து மடித்தால் நார் முறியும். அந்த முறிவுதான் வெள்ளையாகத் தெரிவது.

பதிவு திட்டுத்திட்டாக விழுகிறது. இன்னும் அழுத்தமாகக் குத்த வேண்டுமா?

முதலில் எல்லோரும் அதைத்தான் செய்வோம். எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு அழுத்துவோம். கோடுகள் தடித்து, ஓரத்தில் ஸ்டாம்பின் விளிம்பும் சேர்ந்து விழும்.

மை வைக்கிற விதத்தைக் கவனியுங்கள். ஸ்டாம்பை இங்க் பேடில் தேய்க்காமல் மெல்லத் தட்டித் தட்டி எடுங்கள். ஸ்டாம்ப் பெரிதாக இருந்தால் அதை மல்லாத்தி வைத்து, இங்க் பேடைக் கவிழ்த்து அதன் மேல் தட்டுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மை படாத இடம் மங்கலாகத் தெரியும். அப்புறம் அட்டையின் மேல் நேராக இறக்கி, மூன்று வரை எண்ணும் அளவு சீராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். அலுவலக முத்திரை குத்துகிறவர் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது.

அட்டைக்கு அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கிளியர் ஸ்டாம்புக்கு இது ரொம்பவே உதவும். மரக்கட்டை ஸ்டாம்பில் ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே ஏற்கெனவே மெத்தை மாதிரி ஒரு ஃபோம் இருக்கும், அதனால் அதற்கு அவ்வளவு தேவைப்படாது.

ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம் என்று மூடியுள்ள ஒரு கருவி இருக்கிறது. அட்டையைக் காந்தத்தால் பிடித்து, ஸ்டாம்பை மூடியில் ஒட்டிக்கொண்டால், சரியாக விழாத பதிவின் மேலேயே மறுபடி மை வைத்து இம்மி பிசகாமல் குத்தலாம். ஒரே அட்டையை ஐம்பது செய்கிறவர்களுக்கு வரம். மாதம் இரண்டு செய்கிறவர்களுக்குத் தேவையில்லை.

புது கிளியர் ஸ்டாம்பில் மை ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கிறது. பழுதா?

இல்லை. தயாரிப்பின்போது படிந்த வழவழப்பு இன்னும் போகவில்லை. பென்சில் ரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, துடைத்து, மை வைத்து நாலைந்து தடவை வேண்டாத தாளில் குத்துங்கள். சரியாகிவிடும்.

எம்போசிங் பவுடர் தூவி உருக்குவது எப்படி?

முதல் தடவை பார்க்கிறபோது வாய் பிளந்து பார்ப்பீர்கள். நான் இன்னும் பார்க்கிறேன்.

அட்டையில் கையின் எண்ணெயோ ஈரமோ இருந்தால் பவுடர் கண்ட இடத்திலும் ஒட்டும். அதனால் முதலில் டால்கம் பவுடரை மெல்லிய துணியில் சிறு முடிச்சாகக் கட்டி, அதை அட்டையின் மேல் ஒற்றி எடுங்கள். பிறகு நிறமில்லாத ஒட்டும் மையிலோ பிக்மென்ட் மையிலோ குத்தி, உடனே பவுடரைத் தாராளமாகக் கொட்டுங்கள். அடியில் ஒரு மடித்த தாள் இருக்கட்டும். அட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கம் விரலால் இரண்டு சுண்டு சுண்டினால் உபரி எல்லாம் தாளில் விழுந்துவிடும். அதை அப்படியே டப்பாவுக்குள் சரித்துவிடலாம். ஒன்றும் வீணாகாது. ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஒன்றிரண்டு துகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் இப்போதே தட்டிவிடுங்கள். உருகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஹீட் கன்னை, அதாவது கடும் சூட்டுக் காற்றை ஊதும் கருவியை, முதலில் அட்டையிலிருந்து தள்ளிப் பிடித்துச் சில விநாடி சூடாக்கிக்கொண்டு, அப்புறம் கொண்டு வாருங்கள். மாவு மாதிரி மங்கலாக இருப்பது ஒரு மூலையில் திடீரென்று பளபளக்கும். அந்தப் பளபளப்பு நகர நகர நீங்களும் ஹீட் கன்னை நகர்த்த வேண்டும். பளபளத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிவிடும், அட்டையும் சுருளும். ஆறும்வரை தொடாதீர்கள். சூடு கடுமையானது, அட்டையை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடியுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஹேர் டிரையர் போதாதா?

போதாது. பவுடர் உருகுகிற அளவுக்குச் சூடு வராது, காற்றில் பவுடர் பறந்துவிடும்.

ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ இருப்பது போல் குத்துவது எப்படி?

முன்னால் தெரிய வேண்டிய பூவை முதலில் குத்துங்கள். அதே ஸ்டாம்பை ஒட்டும் குறிப்புத் தாளில், பசை உள்ள ஓரத்தின் மேல் விழும்படி குத்தி வெட்டுங்கள். வெட்டும்போது கோட்டுக்கு வெளியே போகாமல், கோட்டின் மேலேயே, ஏன், ஒரு மயிரிழை உள்ளேயே வெட்டுங்கள். வெளியே விட்டு வெட்டினால் இரண்டு பூவுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி விழுந்து, வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். இந்த முகமூடியை முதல் பூவின் மேல் ஒட்டிக்கொண்டு இரண்டாவதை அதன் மேல் படும்படி குத்தி, முகமூடியை எடுங்கள். இரண்டாவது பின்னால் போய் நிற்கும்.

பின்னால் இருப்பது தூரத்தில் தெரிய வேண்டுமானால், மை வைத்ததும் ஒரு தடவை வேண்டாத தாளில் குத்திவிட்டு, மிச்ச மையோடு அட்டையில் குத்துங்கள். வெளிர்ந்து விழும். ஒரே மையில் இரண்டு நிறம்.

வாழ்த்து வாசகம் தமிழில் வேண்டும். தனித்தனி எழுத்து ஸ்டாம்ப் கிடைக்குமா?

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துச் செட் சுலபம். தமிழுக்கு அது ஏன் சுலபமில்லை என்று ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 247 எழுத்தையும் செதுக்க வேண்டியதில்லை. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நாலையும் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒகர, ஓகார, ஔகார வரிசைகள் இவற்றைச் சேர்த்தே வந்துவிடும். புள்ளியைப் பேனாவால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகள் உடம்போடு ஒட்டியவை. அவை மட்டும் 72. உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, குறிகள் 4. ஆக 107 துண்டு, கிரந்தம் சேர்க்காமல்.

ஆனால் நமக்கு வேண்டியது நாலைந்து சொற்கள்தானே? 'வாழ்த்துகள்' என்ற சொல்லுக்கு வ, கால், ழ, த, து, க, ள என்று ஏழே துண்டு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. 'நன்றி'க்கு மூன்று. புள்ளிகளைப் பேனா பார்த்துக்கொள்ளும்.

அதைவிடவும் நல்ல வழி, முழுச் சொல்லையே ஒரே ஸ்டாம்பாகச் செய்துகொள்வது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கொஞ்சம் தடித்த பேனாவால் உங்கள் கையெழுத்தில் எழுதி, அலுவலக முத்திரை செய்து தருகிறவரிடம் கொடுங்கள். கோடு ரொம்ப மெல்லியதாக இருக்கக் கூடாது. ழகரச் சுழியும் றகரச் சுழியும் அடைபடாமல் உள்ளே வெற்றிடம் விட்டு எழுதுங்கள். அச்சு எழுத்தைவிட உங்கள் கோணல் கையெழுத்துதான் அட்டையில் எடுப்பாக இருக்கும், நம்புங்கள்.

ஸ்டாம்பை நானே செதுக்கலாமா?

தாராளமாக. பெரிய பென்சில் ரப்பரோ, செதுக்குவதற்கென்றே விற்கும் மெத்தென்ற ரப்பர் கட்டியோ போதும். படத்தை டிரேசிங் தாளில் மெத்தென்ற பென்சிலால் வரைந்து, கவிழ்த்து வைத்து, நகத்தால் தேய்த்தால் ரப்பரில் இறங்கிவிடும். கவிழ்த்ததால் இடவலம் மாறி இறங்கும், குத்தும்போது தானாக நேராகிவிடும். எழுத்துச் செதுக்குகிறவர்கள் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராக ரப்பரில் எழுதித்தான் ஏமாறுவார்கள்.

வீ வடிவ உளியால் கோட்டை ஒட்டிச் செதுக்கி, யூ வடிவ உளியால் மிச்சத்தை அள்ளி எடுங்கள். உளியைக் கோட்டுக்கு அடியில் நுழைக்கக் கூடாது. கோடு மேலே குறுகி அடியில் அகன்று, மலை மாதிரி நிற்க வேண்டும். இல்லையென்றால் நாலாவது குத்தில் மடங்கிப் பிய்ந்துவிடும். வளைவு வந்தால் உளியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். ரப்பரைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஸ்டாம்பை எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி வைத்துக்கொள்வது?

ஈரத் துணியால் துடைத்தால் போதும். மரக்கட்டை ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பசை விட்டுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். சால்வென்ட் மைக்கு மட்டும் அதற்கான கிளீனர் தேவை. சிவப்பு, கறுப்புக் கறை கொஞ்சம் தங்கும். அதனால் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. கிளியர் ஸ்டாம்ப் வெயிலில் கிடந்தால் மஞ்சளாகி விறைத்துப்போகும், மூடிய பெட்டியில் வையுங்கள். டை இங்க் பேடைத் தலைகீழாக வைத்தால் மை மேற்பரப்புக்கு வந்து நிற்கும்.

கடைசி நேரத்தில் மை சொட்டிவிட்டது. அட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

சொட்டு இருக்கிற இடத்தில் வாசகத்தை ஒரு பட்டையில் குத்தி, ஃபோம் டேப்பில் சற்றே தூக்கி ஒட்டுங்கள். இல்லையென்றால் பழைய பல்துலக்கியில் அதே மையைத் தொட்டு, விரலால் சுண்டி அட்டை முழுக்க இன்னும் முப்பது சொட்டு தெளித்துவிடுங்கள். ஒரு சொட்டு இருந்தால் தப்பு, முப்பது இருந்தால் அலங்காரம்.

செய்த அட்டைகளை விற்கலாமா?

ஸ்டாம்பில் இருக்கும் படத்துக்கு உரிமை அதை வரைந்தவருக்கோ நிறுவனத்துக்கோ உண்டு. கையால் குத்திச் செய்த அட்டையை விற்கலாம் என்று அனுமதி தரும் நிறுவனங்கள் உண்டு. அதை 'ஏஞ்சல் பாலிசி' என்பார்கள். அப்படி அனுமதிப்பவர்களும் படத்தை ஸ்கேன் செய்தோ நகலெடுத்தோ அச்சடிக்கப் பொதுவாக விடுவதில்லை. விற்க ஆரம்பிக்கும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள். நீங்களே வரைந்து செதுக்கியது என்றால் யாரையும் கேட்க வேண்டாம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழசு?

முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுவது 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது. அச்சடித்து, வர்ணத்தைக் கையால் தீட்டினார்கள். அடுத்த வருடமே, 1844இல், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ரப்பர் ஸ்டாம்ப் வந்தது அதற்கும் பிறகு. இரண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று.

எந்த அளவில் செய்தால் உறையில் அடங்கும்?

ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவே மடித்தால் ஏ6 அட்டை: 105க்கு 148 மில்லிமீட்டர். இதற்குப் பொருத்தமான உறை சி6, 114க்கு 162. ஃபோம் டேப், ரிப்பன், பொத்தான் என்று உயரம் கூட்டினால் உறை உப்பும். தபாலில் தடிமனுக்கும் சதுர வடிவத்துக்கும் கூடுதல் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. எம்போசிங் செய்த பக்கத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து உறையில் போடுங்கள். உறையின் மடலில் அதே இலையை ஒரு தடவை குத்திவிடுங்கள். மை காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.